திறக்காத பூட்டும் தீர்த்தம் தெளித்த லேப்டாப்பும்

இதை எழுதிவிட வேண்டும் என்று சில வருடங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்பதோடு சரி. உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடாது. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். ரேடியோ, டேப் ரிக்கார்டர் என்று கையைப் பழக்கி, அப்புறம் டி.வி., அப்புறம் கம்ப்யூட்டர் என்று காலம் இழுத்த இழுப்புக்கு வந்தவன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமே தவிர பேனா பிடிக்க வராது. இன்னொரு தயக்கமும் இருந்தது. இந்தச் சம்பவத்தில் ஒரு தாயார் வருகிறார். அவர் மனம் நோகும்படி ஒரு எழுத்துகூட விழுந்துவிடக் கூடாது. போன மாதம் கோயிலில் அவரைப் பார்த்தபோது, இப்படி ஒன்று எழுதலாமா என்று இழுத்து இழுத்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டே தாராளமாக எழுதச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, விளக்குக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உடம்பு பரபரக்கிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கடை. எங்கள் என்றால் நானும் மாதையனும். மாதையன் என்னைவிட நாலைந்து வயது இளையவர். கழற்றுவது, மாட்டுவது, சூடு வைத்து ஒட்டுவது எல்லாம் அவர் கை. விண்டோஸ் போடுவது, போன பைல்களை மீட்பது, வருகிறவர்களிடம் பேசுவது என் வேலை. நான் ஓய்வு எடுத்துக்கொண்ட பிறகு கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார்.

ஒரு நாள் காலை, கடை திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பெயர் கோமதி. தீர்த்தமலை அடிவாரத்துக்குப் பக்கத்து ஊர். அப்பாவுக்கு மரவள்ளிக் காடு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள். லைன் என்றால் உங்களுக்குத் தெரியும். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார்கள். ஒரே பாகம் வந்துகொண்டே இருக்கும், ஒரே இடத்தில் நின்று ஒரே திருகாணியை முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே கூட்டிப்போகும் பஸ்ஸுக்கு லைன் பஸ் என்றே பெயர். லீவு போட்டு வந்திருக்கிறாள்.

வேறொரு கம்பெனியில் சர்வர் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மறுநாள் காலை ஆன்லைனில் தேர்வு. முதல் பாதி விண்டோஸில். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும் அவர்களுடைய மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். இரண்டாம் பாதி லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தில் கையால் செய்து காட்ட வேண்டும். இரண்டும் ஒரே லேப்டாப்பில் தனித்தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும், ஒன்றுக்குள் ஒன்றாக ஓட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்களாம். எந்த லேப்டாப் என்பதையும் முன்கூட்டியே பதிவு செய்தாகிவிட்டது. இரவல் வாங்கவும் வழியில்லை.

"திங்கக்கெழம லைன் பஸ் ஏறணுங் சார். இது கெடச்சா ஏற வேண்டாம்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

சாதாரண வேலைதானே, மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று லினக்ஸ் போடுவதற்கான பென் டிரைவைச் செருகினேன். லேப்டாப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக விண்டோஸுக்குப் போய்விட்டது. சரி, பயாஸுக்குள் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆன் செய்தவுடன் அதற்கான பட்டனை அமுக்கினேன். கறுப்புத் திரையில் ஒரு பெட்டி, அதில் ஒரு பூட்டுப் படம். பாஸ்வேர்டு கொடு என்கிறது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்னாலேயே விழித்துக்கொள்ளும் காவல்காரன் ஒருவன் இருக்கிறான். யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று அவன்தான் முடிவு செய்வான். அவனுக்குக் கட்டளை போடும் இடம்தான் பயாஸ். கோமதியின் லேப்டாப் பெங்களூரில் பழைய சாமான் மார்க்கெட்டில் வாங்கியது. ஏதோ ஓர் ஆபீஸில் ஓட்டிக் கழித்துவிட்ட மெஷின். அந்த ஆபீஸ்காரர்கள் காவல்காரனுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, விண்டோஸைத் தவிர வேறு எவரையும் உள்ளே விடாதே, பென் டிரைவிலிருந்து எதையும் தொடங்கவே விடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பூட்டினவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாது.

இந்த மாதிரி பூட்டைப் பார்த்தால் நான் முதலில் செய்வது என்ன தெரியுமா? மெஷினை மூடிவிட்டு, எதிரே நிற்பவரிடம் பில் கேட்பேன். பூட்டு என்று ஒன்று இருந்தால் அதைப் போட ஒருவருக்கு உரிமை இருந்திருக்கிறது. நம் முன்னால் நிற்பவருக்கு அந்த உரிமை வந்து சேர்ந்திருக்கிறதா என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். கோமதிக்கு முகம் சுருங்கவில்லை. பையிலிருந்து உடனே எடுத்துக் காட்டினாள். பில்லில் இருந்த எண்ணும் மெஷினின் அடியில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. விற்ற கடைக்கே போன் போட்டேன். அந்த ஆள் பாதி கன்னடம், பாதி தமிழ். "பாஸ்வேர்டு கொத்தில்லா சார். ஆபீஸ் லாட்டு. விண்டோஸ் ஓடுதல்லா? ஓடட்டும் பிடுங்க," என்று வைத்துவிட்டார். ஆபீஸிலிருந்து மொத்தமாக வந்த சரக்கு, பாஸ்வேர்டு தெரியாது, விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

நான் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் மாதையன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளை எல்லாம் எடுத்து, அடி மூடியைத் தூக்கிவிட்டார். உள்ளே மதர்போர்டில் வட்டமாக ஒரு சின்ன பேட்டரி இருக்குமே, அதன் மேல் அவர் நகம் பட்டுவிட்டது.

அது நம் தொழிலில் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். பழைய மேசைக் கம்ப்யூட்டர்களில் அந்த பேட்டரியைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினால் பாஸ்வேர்டு மறந்துபோகும். எதுவானாலும் கழற்றி மாட்டு, சரியாகிவிடும் என்றே பழகியவர்கள் நாம்.

கையை எடுங்கள் மாதையா என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மாதையனுக்குக் கோபம். "நா எத்தன மிசினு பாத்திருக்கேன். இதுக்குப் போயி பாம்பப் பாத்தாப்பல கத்தறீங்களேண்ணா," என்றார். நான் அவர் கையைப் பிடித்து மெதுவாக விலக்கிவிட்டுத்தான் காரணம் சொன்னேன். இந்த ரக ஆபீஸ் லேப்டாப்புகளில் பாஸ்வேர்டு அந்த பேட்டரியின் தயவில் இருப்பதில்லை. தனியாக ஒரு சிப்பில் குடியிருக்கிறது. பேட்டரி போனாலும் போகாது. ஆனால் கடிகாரம் பேட்டரியை நம்பித்தான் ஓடுகிறது. கழற்றினால் தேதியும் நேரமும் அழிந்துபோகும். ஆன் செய்ததும் மெஷின், நேரத்தைச் சரிசெய் என்று நின்றுவிடும். சரிசெய்ய பயாஸுக்குள் போக வேண்டும். போக பாஸ்வேர்டு வேண்டும். அப்புறம் லினக்ஸும் இல்லை, இருந்த விண்டோஸும் இல்லை. முன்பொரு முறை வேறெங்கோ அப்படிக் கழற்றிக் கெட்டுப்போன லேப்டாப் ஒன்று எங்களிடமே வந்து, நாங்களும் கை விரித்து அனுப்பினோம். அப்போது மாதையன் ஊரில் இல்லை. அதனால் அவருக்குத் தெரிய நியாயம் இல்லை.

மாதையன் மூடியை ஒழுங்காக மாட்டினார். "இன்னொரு செகண்டு வுட்டிருந்தா அந்தப் புள்ளய நானே லைன் பஸ்ல ஏத்தி வுட்டிருப்பேன்," என்றார்.

ஆபத்து விலகியது. ஆனால் வழி? மெஷின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை என்றால் மனதுக்குள் தீர்த்தமலை மேல் இருக்கும் தீர்த்தகிரீஸ்வரர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். சாமி வந்து பாஸ்வேர்டு சொல்வார் என்று இல்லை. கை கண்டபடி எதையாவது அமுக்காமல் இருக்கும். நம் தொழிலில் பாதி நஷ்டம், சும்மா இருக்க முடியாத கையால் வருவது.

பேச்சுக்கு, கம்பெனியில் எப்படியம்மா என்று கோமதியைக் கேட்டேன். வாசல் கேட்டில் கெடுபிடி அதிகம் என்றாள். ஒவ்வொருவருக்கும் அட்டை உண்டு. அட்டை காட்டினால்தான் கதவு திறக்கும். வெளி ஆள் யாராவது வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"கேட்டுல அவங்க பேரு இருக்காதுங் சார். வாட்ச்மேன் வுடவே மாட்டாரு. பேரு இருக்குற ஒருத்தரு கேட்டாண்ட வந்து, இவரு என்னோட ஆளுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவாங்க."

தம்பிகளே, அந்த இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அந்தப் பெண் பயந்துபோனாள்.

காவல்காரனுக்குத் தெரிந்த ஒரே பெயர் விண்டோஸ். அவனோடு நாம் ஏன் மல்லுக்கு நிற்க வேண்டும்? பூட்டை ஏன் தொட வேண்டும்? விண்டோஸ்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே! அதையே அனுப்பி லினக்ஸைக் கூட்டிவரச் சொன்னால் என்ன? விண்டோஸுக்குள் இருந்தபடியே டிஸ்கில் இடம் ஒதுக்கலாம். பென் டிரைவில் இருக்கும் லினக்ஸ் நிறுவியை அந்த டிஸ்கிலேயே ஒரு மூலையில் கொண்டுவந்து வைக்கலாம். காவல்காரன் விண்டோஸைக் கூப்பிடும்போது எந்தக் கதவைத் தட்டுகிறானோ, அந்தக் கதவுக்குப் பின்னால் லினக்ஸை நிற்க வைக்க விண்டோஸிடமே கட்டளை போடலாம். எல்லாம் மெஷினுக்குச் சொந்தக்காரியின் அனுமதியோடு, அவள் கையில் இருக்கும் அதிகாரத்தைக் கொண்டே செய்வது. ஒரு பூட்டையும் உடைப்பதில்லை.

அந்த உற்சாகத்தில் உடனே இறங்கியிருந்தால் கெட்டிருப்பேன். சேலத்தில் என்னோடு வேலை பழகிய ஒருவர் இருக்கிறார். பெயர் போடக் கூடாது என்பது அவர் கட்டளை. அவருக்குப் போன் போட்டு மூச்சு விடாமல் என் யோசனையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிட்லாக்கர் ஓடுதா, பாத்தியா?"

பார்க்கவில்லை! பிட்லாக்கர் என்பது டிஸ்கில் இருப்பதை எல்லாம் விண்டோஸ் தானாகவே பூட்டி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. நாம் வழியை மாற்றியது தெரிந்தால் யாரோ திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து நீளமான ஓர் எண்ணைக் கேட்டு நின்றுவிடும். பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. கோமதியின் ஆன்லைன் கணக்கிலிருந்து அந்த எண்ணை எடுத்து அவளிடமே கொடுத்தோம். அவளுடைய பைல்களை எல்லாம் வேறு டிஸ்கில் பிரதி எடுத்தோம். பிறகு பிட்லாக்கரை நிறுத்திவிட்டு, அது முழுவதுமாக அவிழும் வரை மூன்று பேரும் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். மாதையன் போய் போண்டா வாங்கிவந்தார். காத்திருப்பதும் வேலைதான். மெஷின் ஓடும்போது வாடிக்கையாளர் பார்க்கிறாரே என்று எதையாவது தட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

மிச்சத்தை விவரமாக எழுதப்போவதில்லை. கட்டளைகள் நாளைக்கு மாறிவிடும், நீங்களே தேடிக்கொள்வீர்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு லேப்டாப்பை ஆன் செய்தோம். பூட்டுப் பெட்டி வரவில்லை. திரையில் இரண்டு பெயர்கள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வந்து நின்றன. லினக்ஸ், விண்டோஸ். கோமதி முதலில் ஒன்றைத் தொட்டாள், வந்தது. மூடித் திறந்து மற்றதைத் தொட்டாள், அதுவும் வந்தது. மாதையன் கைதட்டிவிட்டார். நான் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். வேறென்ன செய்வது, கண் கலங்கிவிட்டது. தேர்வு முடிகிறவரை எந்த அப்டேட்டும் போடாதே, காலையில் நேரமாக வந்துவிடு, கடையின் உள் அறையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். அவள் ஊரில் நெட் நிலையாக வராது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை.

மறுநாள் கோமதியும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் துணிப் பையோடு, பிள்ளைக்கு முன்னால் வேகமாக வந்தார். தேர்வுக்கு முக்கால் மணி நேரம்போல இருந்தது. கோமதி மேசையில் லேப்டாப்பை வைத்து ஆன் செய்தாள்.

பூட்டுப் பெட்டி.

அணைத்துப் போட்டாள். மறுபடியும் பூட்டுப் பெட்டி. நான் போட்டேன். அதே பெட்டி. லினக்ஸ் இல்லை, விண்டோஸ் இல்லை. நேற்றுவரை விண்டோஸாவது வந்துகொண்டிருந்த மெஷின், இப்போது எதையுமே காட்டாமல் பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு என்று நிற்கிறது.

கோமதி துப்பட்டா முனையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். மாதையன் என் காதோரம் வந்து, நேற்று வழியை மாற்றியதைக் காவல்காரன் கண்டுபிடித்துவிட்டான், டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினால் விண்டோஸாவது மிஞ்சும், முதல் பாதியாவது எழுதட்டும் என்றார். நியாயமான பேச்சு. என் கையும் அதற்கே ஓடியது. நான்தானே மாற்றினேன், என் வேலைதான் கெட்டிருக்கும் என்று மனது அடித்துக்கொண்டது.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருடம் தவித்தேன். பயந்த நேரத்தில் நமக்குத் தெரிந்த கடைசி மாற்றத்தின் மேல்தான் பழி போடுவோம். அதை அவிழ்க்கத் தோன்றும். அன்றைக்கு அவிழ்த்திருந்தால் நன்றாக இருந்த ஒன்றைக் கெடுத்து, கெட்டதை அப்படியே விட்டிருப்பேன்.

என்னைத் தடுத்தது ஒரு சின்ன விஷயம். அந்தப் பூட்டுப் பெட்டியை நான் நேற்றும் பார்த்திருக்கிறேன். ஆனால் நேற்று நான் பட்டனை அமுக்கியதால் வந்தது. இன்றைக்கு யாரும் எதையும் அமுக்கவில்லை, தானாக வருகிறது. காவல்காரன் எதையாவது கண்டுபிடித்திருந்தால் வேறு மாதிரி மிரட்டுவான். இது மிரட்டல் இல்லை. யாரோ விடாமல் கதவைத் தட்டிக் கூப்பிட்டதற்கு அவன் எழுந்து வந்து, என்ன வேண்டும் என்று கேட்பதைப் போல இருந்தது.

நேற்று சாயங்காலத்துக்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன நடந்தது?

லேப்டாப்பின் மூடியைப் பாதி சாய்த்தேன். வெளிப்புறத்து மூலையில் சந்தனம், அதன் நடுவே குங்குமம். அழகாக, வட்டமாக, புதிதாக வைத்திருந்தது. என் கடை மெஷின்களுக்கும் நான் வைப்பதுதான். பார்த்த உடனே புரிந்தது. பொட்டு மட்டும் வைத்துவிட்டு யார் பூசையை முடிப்பார்கள்? அடுத்து என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும்.

யார் என்ன செய்தது என்று அதட்டிக் கேட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்து, பொட்டு லட்சணமாக இருக்கிறது, பூசை போட்டீர்களா என்றுதான் கேட்டேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்கண்ணா. புள்ள தலைக்குத் தண்ணி ஊத்திக்கப் போயிருந்தப்ப, சாமிகிட்ட வெச்சு, பொட்டு வெச்சு, தொறந்து தீர்த்தமலைத் தீர்த்தம் நாலு சொட்டு தெளிச்சேங்க. மொட்டப் பாறையிலருந்து கொட்டறத நின்னு புடிச்சாந்த தீர்த்தங்கண்ணா. எங்கூட்டுல எந்தக் காரியமும் அது இல்லாத நடக்காதுங்க."

"யம்மா!" என்றாள் கோமதி.

விளக்கை அருகில் கொண்டுவந்து கீபோர்டைப் பார்த்தேன். மேல் வரிசையில் ஓரத்துப் பட்டன்களுக்கு நடுவே ஈரம் இன்னும் மினுங்கியது. பயாஸைக் கூப்பிடும் பட்டன் இருப்பது அந்த வரிசையில்தான். தண்ணீர் உள்ளே இறங்கி, அந்தப் பட்டன் யாரோ விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மெஷின் தானாகவே பூட்டிய கதவிடம் ஓடுகிறது. லினக்ஸ் இருக்கிறது! விண்டோஸ் இருக்கிறது! இரண்டும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. கெட்டது கீபோர்டு மட்டும்தான்!

மாதையனிடம் மளமளவென்று சொன்னேன். எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. ஆனால் அந்த அம்மாவைப் பார்த்தேன். நாங்கள் பேசியதில் பாதி புரிந்தே அவர் முகம் சாம்பலாகிவிட்டது. பிள்ளையின் பக்கம் திரும்பவே இல்லை, என்னிடம்தான் கேட்டார்.

"நா தெளிச்ச தீர்த்தமாங்கண்ணா எம்புள்ள பொழப்பக் கெடுத்துருச்சு?"

மெஷினைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இதற்குப் பதில் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. நானும் வருடா வருடம் அந்த மலை ஏறுகிறவன். அந்தத் தண்ணீரை வீட்டில் செம்பில் வைத்திருப்பவன்.

"தீர்த்தம் எதையும் கெடுக்காதுங்கம்மா," என்றேன். "அது ஆளுக்கு. மிசினுக்குப் பொட்டோட நிறுத்திக்கணும், அவ்வளவுதான். மிச்சம் வெச்சிருக்கீங்களா?"

துணிப் பையிலிருந்து சின்ன பாட்டில் வெளியே வந்தது. கையை நீட்டினேன். ஊற்றினார். குடித்துவிட்டுத் தலையில் தடவிக்கொண்டேன். பிறகு என் துண்டில் கையை ஒரு முறைக்கு இரண்டு முறை ஈரம் போகத் துடைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மாதையனும் வந்து கையை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, "மூடியத்தான் தொறக்கறமே, அந்த ரவுண்டு பேட்டரியையும் அப்பிடியே..." என்று இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். "சும்மாண்ணா," என்றார். கோமதிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் நாடா ஒன்று இருக்கும். மூடியைத் திறந்து அதை மட்டும் மெல்ல விடுவித்தோம். காய வைக்கிறேன் என்று சூடு காட்டவில்லை, வேறு எதையும் தொடவில்லை. கடையில் இருந்த வெளிக் கீபோர்டையும் மவுஸையும் செருகி, ஆன் செய்யச் சொல்லி கோமதியிடமே விட்டேன். அமுக்கினாள்.

இரண்டு பெயர்கள். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக.

அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தார். அதிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

வெளிக் கீபோர்டில் எழுத விடுவார்களா என்று கடைசியாக ஒரு பயம். தேர்வு தொடங்கியதும் கண்காணிப்பவரிடமிருந்து, மேசையையும் கீபோர்டையும் கேமராவில் காட்டச் சொல்லித் திரையில் செய்தி வந்தது. கோமதி காட்டினாள். காரணம் கேட்டதற்கு, கீபோர்டில் தண்ணீர் பட்டுவிட்டது என்று உள்ளதைச் சொன்னாள். தொடரலாம் என்றார்கள். உள் அறைக் கதவைச் சாத்தினோம். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை, டீகூட வேண்டாம் என்றுவிட்டார். மாதையன் ஒரு வாடிக்கையாளரின் பிரிண்டரைச் சத்தம் வருமே என்று அன்றைக்கு முழுக்கத் தொடவில்லை.

மத்தியானம் கதவு திறந்தது. விண்டோஸ் பாதியும் முடிந்தது, லினக்ஸ் பாதியும் முடிந்தது, கொடுத்த வேலையில் ஒன்றைத் தவிர எல்லாம் செய்துவிட்டேன் என்றாள். அந்த ஒன்றைப் பற்றியே ஊர் போய்ச் சேரும் வரைக்கும் பேசிக்கொண்டு போனதாக அவள் அம்மா பிறகு சொன்னார்.

முடிவு உடனே வரவில்லை. திங்கட்கிழமை வந்தது. கோமதி லைன் பஸ் ஏறித்தான் போனாள். அதை நான் மறைக்க மாட்டேன். எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். கையில் தேங்காய், பழம், கோயில் பிரசாதம். வாசற்படியிலேயே நின்று, "கெடச்சிருச்சுங்கண்ணா. லைன் வேலைய வுட்டுட்டு, சாமான் கட்டிக்கிட்டு இன்னிக்கி வருது புள்ள," என்றார். பஸ் வரும் நேரத்துக்கு அவர் கிளம்பிவிட்டார். கடையைச் சாத்திவிட்டு நானும் மாதையனும் கூடவே பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஹாஸ்டல் பெட்டி, பாய், வாளி எல்லாவற்றோடும் அவள் இறங்கினாள். மாதையன் ஓடிப்போய் வாளியை வாங்கிக்கொண்டார்.

இந்தக் கதை நம் தொழில் வட்டத்தில் வேறு வேறு விதமாகச் சுற்றுகிறது என்று கேள்விப்படுகிறேன். அரூரில் ஒருத்தர் எந்த பயாஸ் பூட்டையும் உடைப்பார் என்று ஒரு பேச்சு. தீர்த்தம் பட்டதும் பூட்டு தானாகத் திறந்துகொண்டது என்று ஒரு பேச்சு. படிக்காத தாய் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தாள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம். மூன்றும் நடந்தது இல்லை.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ஒரு வேண்டுகோள். இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது சுருக்காதீர்கள், சேர்க்காதீர்கள். பில் கேட்டதை விடாதீர்கள். கேட்டில் கூட்டிப்போகும் பேச்சைச் சொன்னது கோமதி என்பதை விடாதீர்கள், அதை என் மூளை என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தாய் அன்போடு தெளித்ததை அன்போடு தெளித்ததாகவே சொல்லுங்கள். கோமதி இன்னும் அந்த லேப்டாப்பைத்தான் வைத்திருக்கிறாள், கீபோர்டு மட்டும் புதிது. பூட்டு அப்படியே இருக்கிறது. அதை நாங்கள் திறக்கவே இல்லை.